குதிரைச்சக்தி மட்டும் போதுமா? மலாக்கா தோட்டச் சாலைகள் சொல்லும் வண்டிக் கதை

வீட்டுக்கு ஒரு வண்டி வாங்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் முதலில் எழும் கேள்வி என்ன? "எஞ்சின் எத்தனை சிசி? எவ்வளவு வேகம் போகும்?" இளைஞர்கள் கேட்பதும் இதுதான், விற்பனையாளர்கள் முதலில் சொல்வதும் இதுதான். ஆனால் அந்த வண்டி எந்தச் சாலையில் ஓடப் போகிறது, எதை ஏற்றப் போகிறது, மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு.

ஒரு வண்டி பயன்படுமா, படாதா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. முதலாவது, எஞ்சினின் சக்தி. இரண்டாவது, வேகம். மூன்றாவது, பலரும் மறந்து விடுகிற ஒன்று. அதுதான் தரையோடு சக்கரத்துக்கு இருக்கும் பிடிப்பு. இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய வண்டிகளின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தாலே போதும்.

அந்த வரலாற்றுக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. வண்டி யாரிடம் இருந்தது, யார் நடந்தார்கள் என்ற கதை அது.

குதிரையை அளந்த மனிதர்

குதிரைச்சக்தி என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் வாட். நீராவி இயந்திரத்தை மேம்படுத்திய அவர், தம் இயந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குவோருக்கு விளக்க வேண்டியிருந்தது. அதற்காக 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர் வகுத்த அளவுதான் இன்றும் வழக்கில் உள்ளது. ஒரு குதிரைச்சக்தி என்பது சுமார் 746 வாட். அவர் பெயரே பின்னாளில் மின்சக்தியின் அளவாகவும் ஆனது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சக்தி என்பது இழுவை மட்டுமல்ல, வேகம் மட்டுமல்ல. இழுவையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே சக்தி. ஆகவே ஒரே அளவு சக்தியைக் கொண்டு பெரிய பாரத்தை மெதுவாகவும் இழுக்கலாம், சிறிய பாரத்தை வேகமாகவும் இழுக்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது. வண்டியில் கியர் என்ற ஒன்று இருப்பதே இந்தப் பண்டமாற்றுக்காகத்தான். மேட்டில் ஏறும்போது முதல் கியருக்கு மாற்றுகிறோம் என்றால், வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்குகிறோம் என்று பொருள்.

மாடுகள் இழுத்த மலாக்கா

கொம்பு போல வளைந்து நிமிர்ந்த கூரையுடைய மாட்டு வண்டி மலாக்காவின் அடையாளங்களில் ஒன்று. இன்று சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் காட்சிப் பொருளாக அது இருக்கலாம். ஆனால் ஒரு காலத்தில் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கும், உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்கும் சரக்கு போய் வந்தது மாட்டு வண்டியில்தான்.

ஒரு ஜோடி மாட்டின் சக்தி எவ்வளவு? நாள் முழுவதும் சோராமல் உழைக்க வேண்டுமானால் இரண்டு மாடுகளும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு குதிரைச்சக்திதான். வேகம் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர். மனிதன் நடக்கும் வேகமே அதைவிடச் சற்று அதிகம்!

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். வண்டியும் பாரமும் சேர்ந்து ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். கெட்டியான சமதளச் சாலையில் அதை நகர்த்த சுமார் 30 கிலோ அளவு இழுவை போதும். அதே வண்டி 100 அடிக்கு 5 அடி உயரும் மேட்டில் ஏறும்போது இன்னும் 50 கிலோ இழுவை கூடுதலாகத் தேவைப்படும். அதாவது மாடுகளின் முழு சக்தியும் அங்கேயே தீர்ந்து விடுகிறது. சாலை சேறாகி விட்டால் சமதளத்திலேயே 150 கிலோ வரை இழுவை வேண்டியிருக்கும். வண்டி நின்று விடும். வண்டிக்காரர் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுக்க வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மரச் சக்கரத்தின் மேல் இறுக்கிய இரும்புப் பட்டை ஒடுங்கலானது. பாரம் முழுவதும் அந்தச் சிறிய அகலத்தின் மேல் இறங்கியதால் சாலை அறுபட்டுப் பள்ளமாகும். பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கும். தேங்கிய இடம் சேறாகும். அடுத்து வரும் வண்டி அந்தச் சேற்றிலேயே மாட்டிக்கொள்ளும். சாலை வண்டியைக் கெடுப்பது போலவே வண்டியும் சாலையைக் கெடுக்கும் என்பது அன்றே தெரிந்துபோன உண்மை.

பால்மரம் வந்தது, டயரும் வந்தது

இந்த இரும்புச் சக்கரத்துக்கு விடை எங்கிருந்து வந்தது தெரியுமா? மலாக்கா மண்ணுக்கும் அந்த விடையில் பங்கு உண்டு.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ரப்பர் விதைகள் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் முளைவிட்டன. 1877-இல் அவற்றின் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் தொடர்ந்து பால் வெட்டும் முறையைக் கண்டறிந்தார். ஆனாலும் காப்பித் தோட்டக்காரர்கள் பலர் அவர் பேச்சை அன்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதே 1888-ஆம் ஆண்டில், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்து மாட்டினார். விதை ஒரு பக்கம், தேவை ஒரு பக்கம் என்று இரண்டும் உலகின் இரு மூலைகளில் ஒன்றை ஒன்று அறியாமல் வளர்ந்துகொண்டிருந்தன!

ரிட்லியின் பேச்சை நம்பியவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் அவர் நட்ட ரப்பர்தான் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டமாகக் கருதப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் குனோங் லேடாங் மலையடிவாரத்தை ஒட்டிய புக்கிட் அசகானில் அவர் முயற்சி ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரிந்தது. 1910-இல் சைம் டார்பி நிறுவனம் பிறந்ததும் இதே மலாக்காவில்தான். டயர் செய்த டன்லப் நிறுவனமும் மலாயாவில் சொந்தமாகத் தோட்டங்களை வாங்கிப் போட்டது.

1908-இல் அமெரிக்காவில் ஹென்றி போர்டின் 'மாடல் டி' கார் வந்தது. அதன் சக்தி வெறும் 20 குதிரைச்சக்தி. வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரை எட்டினால் பெரிது. ஆனால் அன்றைய அமெரிக்கக் கிராமத்துச் சேற்றுச் சாலைகளை மனத்தில் வைத்து, தரையிலிருந்து நன்கு உயர்த்திச் செய்யப்பட்ட வண்டி அது. 1927 வரை 1 கோடியே 50 லட்சம் கார்கள் விற்றதற்குக் காரணம் அதன் வேகமல்ல. மலிவும், கரடுமுரடான பாதையில் தாக்குப்பிடிக்கும் தன்மையும்தான்.

அந்தக் கார்கள் அத்தனைக்கும் டயர் வேண்டும். டயருக்குப் பால் வேண்டும். பால் வெட்ட ஆள் வேண்டும். தமிழகத்திலிருந்து கப்பலேறிய நம் முன்னோர்கள் மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் லயங்களை நிரப்பினார்கள்.

இதில் உள்ள முரணைக் கவனிக்க வேண்டும். உலகத்தின் கார்களுக்குப் பிடிப்பைத் தந்த ரப்பரை வெட்டியவர்கள் வெறுங்காலுடன் நடந்தார்கள். விடியற்காலைப் பிரட்டுக்கு நடை. நிரைக்கு நடை. பால் நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடை. மழையில் நனைந்த செம்மண் மேட்டில், தோளில் பாரத்துடன் கால் விரல்களை மண்ணில் ஊன்றி ஏறிய அந்த மனிதர்களுக்குப் பிடிப்பு என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்தத் தேவையிருக்கவில்லை.

இரும்புப் பாதை வந்ததும் போனதும்

1905-இல் மலாக்கா பட்டணத்தையும் தம்பினையும் இணைக்கும் ரயில் கிளைப் பாதை திறக்கப்பட்டது. சுமார் 34 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை தோட்டச் சரக்குக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது.

ரயிலின் ரகசியம் அதன் எஞ்சினில் மட்டும் இல்லை. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது எதிர்ப்பு மிகக் குறைவு. மாட்டு வண்டிக்குத் தேவைப்படும் இழுவையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாமல் அதே எடையை ரயில் நகர்த்தி விடும். ஆனால் எளிதாக உருளும் அதே காரணத்தால் பிடிப்பும் குறைவு. ஆகவே ரயில் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. மலையைச் சுற்ற வேண்டும், வெட்ட வேண்டும், அல்லது குடைய வேண்டும். தோட்டத்து நிரை வரைக்கும் ரயில் வர முடியாது. நிலையம் வரைக்கும் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டு வண்டியோ லோரியோ வேண்டியிருந்தது. ஒரு வண்டி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அது போக முடியாத இடத்தில் இன்னொரு வண்டிதான் உதவும்.

அந்த இரும்புப் பாதைக்கு நேர்ந்த முடிவு துயரமானது. ஜப்பானியர் ஆட்சியில் மலாக்காக் கிளைப் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. சயாமையும் பர்மாவையும் இணைக்க அவர்கள் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதைக்காகவே அவை போயின. அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. தண்டவாளங்கள் மட்டுமா போயின? மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே கொண்டு செல்லப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தவர்கள் எத்தனையோ பேர். சயாமுக்குப் போன அப்பா திரும்பவில்லை என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் தோட்டப்புறங்களில் உண்டு.

போருக்குப் பிறகு அந்தக் கிளைப் பாதை மீண்டும் போடப்படவே இல்லை. இன்று மலாக்கா மாநிலத்துக்கு ரயிலில் வருவோர் இறங்குவது பட்டணத்தில் அல்ல. வடக்கு எல்லையில் உள்ள புலாவ் செபாங் நிலையத்தில்தான். அங்கே 2015 முதல் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய மின்சார ரயில் வந்து நிற்கிறது. ஆனால் இறங்கியவர் பட்டணம் போய்ச் சேர பஸ்ஸையோ காரையோ தேட வேண்டும். வேகம் இருந்தும் வாசல் வரை வராத வண்டிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

சைக்கிளிலிருந்து இறங்கு!

எஞ்சினே இல்லாத ஒரு வண்டி மலாயாவின் வரலாற்றில் இரண்டு முறை பெரிதாகப் பேசப்பட்டிருக்கிறது. அது சைக்கிள்.

சாதாரண மனிதன் தொடர்ந்து மிதித்தால் கிடைப்பது ஒரு குதிரைச்சக்தியில் பத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் காற்றடைத்த டயரும் சங்கிலியும் அந்தச் சிறு சக்தியை வீணாக்காமல் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. நடப்பவனைவிட மூன்று நான்கு மடங்கு வேகம் கிடைக்கிறது. ஒற்றையடிப் பாதை போதும். சேறு வந்தால் தோளில் தூக்கிக்கொள்ளலாம்.

1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்களைத் திரட்டியது. அவர்கள் வைத்த 12 கோரிக்கைகளில் சம்பள உயர்வும், பிள்ளைகளின் படிப்பும், பெண்களின் பாதுகாப்பும், கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தன. அவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைமார்களும் தோட்ட அதிகாரிகளும் எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது!

ஆம், துரை வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. போராட்டம் ராணுவத்தைக் கொண்டு அடக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்.

ஒரு சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பயம்? சைக்கிள் வைத்திருந்த தொழிலாளி தோட்டத்து எல்லையைத் தாண்டிப் பட்டணத்துக்குப் போவான். பத்திரிகை வாங்குவான். அடுத்த தோட்டத்தில் என்ன சம்பளம் என்று கேட்டு வருவான். தோட்டத்துக் கடையில் கடன் கணக்கில் வாங்குவதை விட்டுப் பட்டணத்தில் விலை விசாரித்து வாங்குவான். பத்தில் ஒரு பங்கு குதிரைச்சக்தி ஒரு மனிதனின் உலகத்தை அவ்வளவு தூரம் பெரிதாக்கி விட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. ரப்பர் ஏற்றுவதற்காக ஆங்கிலேயர் போட்ட நல்ல சாலைகளில் ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளில் வந்தார்கள். பாலம் உடைக்கப்பட்டிருந்தால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் வளையத்திலேயே ஓட்டினார்கள். 1942 ஜனவரி நடுவில் மலாக்கா வீழ்ந்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. பெரிய எஞ்சின்களை நம்பியிருந்த படை பின்வாங்க, சிறிய சக்கரங்கள் முன்னேறின.

லோரியும் லேண்ட் ரோவரும்

போருக்குப் பிந்திய தோட்டத்தில் எஞ்சின் நிலையாகக் குடியேறியது. அதற்கு ஒரு அவசரமும் இருந்தது. வெட்டிய பால் மரத்தடியில் காத்திருக்காது. நேரம் போனால் உறைந்து போகும். வெயில் ஏறுவதற்குள் சேகரித்து, அம்மோனியா கலந்து, ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆகவே லோரி தோட்டத்தின் உயிர்நாடியானது.

ஆனால் லோரிக்கும் ஒரு பலவீனம் உண்டு. பின் சக்கரம் மட்டும் சுழலும் வண்டியில், பின்பக்கத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பிடிப்பும் இருக்கும். காய்ந்த தார்ச் சாலையில் சக்கரத்தின் மேல் 100 கிலோ எடை இருந்தால் சுமார் 70 கிலோ வரை வழுக்காமல் தள்ள முடியும். ஈரச் செம்மண்ணில் அது 20 கிலோவாகக் கூடச் சரிந்து விடும். பாரம் ஏற்றிய லோரி ஏறிய மேட்டில், வெறும் லோரி வழுக்கி நிற்கும் வினோதம் இதனால்தான். அப்போது ஓட்டுநர் எண்ணெயை அழுத்த அழுத்தச் சக்கரம் சுழன்று குழி பறிக்குமே தவிர வண்டி நகராது. சக்தி இருக்கிறது, அது தரைக்கு வந்து சேரவில்லை.

1948-இல் பிரிட்டனில் வெளிவந்த லேண்ட் ரோவர் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை. சுமார் 50 குதிரைச்சக்திதான். ஆனால் நான்கு சக்கரங்களும் சுழல்வதால் வண்டியின் முழு எடையும் பிடிப்பாகிறது. தாழ்ந்த கியரில் போட்டால் ஆள் நடக்கும் வேகத்தில் எந்த மேட்டையும் பிடித்து ஏறும். தோட்டத் துரைமார்களின் வண்டியாக அது மாறியதில் வியப்பில்லை.

தொழிலாளர்களுக்கு? அவர்களுக்கு லோரியின் பின்புறம்தான். வெளிக்காட்டு வேலைக்குப் போனாலும், பிள்ளைகள் பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போனாலும், திருவிழாவுக்குப் போனாலும் அந்த லோரியில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண் ஆஸ்பத்திரி போவது லோரி கிடைப்பதைப் பொறுத்தது. வண்டி இருந்தது, ஆனால் அது யார் சொன்னால் ஓடும் என்பதுதான் கேள்வி. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, சம்பளத்துக்கும் சலுகைக்கும் பேச ஆள் வந்த பிறகும் இந்தக் கேள்வி உடனே தீர்ந்து விடவில்லை.

24 குதிரைச்சக்தியின் பெருமை

1960-களுக்குப் பிறகு ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக் குலை ஒவ்வொன்றும் 10 முதல் 25 கிலோ வரை எடையுள்ளது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். காண்டாவில் தூக்கும் பாரமல்ல அது. டிராக்டர் தேவைப்பட்டது.

டிராக்டர் வரலாற்றில் ஹாரி பெர்குசனின் பெயர் முக்கியமானது. 1946 முதல் 1956 வரை பிரிட்டனில் தயாரான அவருடைய சிறிய சாம்பல் நிற டிராக்டரின் சக்தி சுமார் 24 குதிரைச்சக்திதான். எடை ஏறத்தாழ ஒரு டன். அதன் தனித்தன்மை பின்புறக் கருவியை இணைத்த விதத்தில் இருந்தது. ஏர் மண்ணை இழுக்கும்போது அந்தச் சுமையின் ஒரு பகுதி பின் சக்கரங்களின் மேல் அழுத்தமாக மாறும். வேலை கடினமாகக் கடினமாகப் பிடிப்பும் கூடும்! கனமான வண்டி செய்யும் வேலையை எடை குறைந்த வண்டி செய்தது.

இதோடு ஒப்பிட மலேசியர்கள் எல்லாரும் அறிந்த ஒரு கார் இருக்கிறது. 1994-இல் வெளிவந்த பெரோடுவா கஞ்சில். 660 சிசி எஞ்சின், சுமார் 31 குதிரைச்சக்தி. அதாவது, வயலை உழுத அந்த டிராக்டரைவிட நம் சின்னஞ்சிறு கஞ்சிலுக்குச் சக்தி அதிகம்!

அப்படியானால் கஞ்சிலை ஏரில் பூட்டி உழ முடியுமா? முடியாது. டிராக்டர் தன் சக்தியை மெதுவான வேகத்தில், பெரிய சக்கரத்தில், ஆழமான வரிப் பள்ளங்கள் கொண்ட டயரில் செலவிடுகிறது. கஞ்சில் அதே அளவு சக்தியை நெடுஞ்சாலை வேகத்தில் செலவிடுகிறது. டிராக்டரை நெடுஞ்சாலையில் விட்டால் பின்னால் வரும் வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கும். கஞ்சிலைச் செம்பனைக் காட்டில் விட்டால் முதல் சேற்றிலேயே புதைந்து விடும். குதிரைச்சக்தி எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்ப்பவர் இந்த இரண்டு வண்டிகளையும் ஏறக்குறைய ஒன்று என்றே நினைத்து விடுவார்.

டிராக்டருக்கும் எல்லை உண்டு. கனமான சக்கரம் மீண்டும் மீண்டும் ஓடினால் மண் இறுகி வேர் மூச்சுத் திணறும். தாழ்வான ஈர நிலத்தில் அது தானே புதையும். அப்படிப்பட்ட இடங்களில் எருமை பூட்டிய வண்டியைப் பயன்படுத்திய செம்பனைத் தோட்டங்கள் மலேசியாவில் உண்டு. எருமையின் வேகத்தைக் கேலி செய்யலாம். ஆனால் குலை ஆலைக்கு வந்து சேர்ந்தது.

கப்சாய் தந்த விடுதலை

தோட்டத்துத் தமிழனின் வாழ்க்கையை உண்மையில் மாற்றிய எஞ்சின் எது? லோரியும் அல்ல, லேண்ட் ரோவரும் அல்ல. அது கப்சாய் என்று நாம் அழைக்கும் சின்ன மோட்டார்தான்.

1958-இல் ஜப்பானில் ஹோண்டா வெளியிட்ட 'சூப்பர் கப்' வண்டிக்கு 50 சிசிக்கும் சற்றுக் குறைந்த எஞ்சின். சக்தி 4.5 குதிரைச்சக்தி. 'கப்' என்ற அந்தப் பெயரிலிருந்தே 'கப்சாய்' என்ற சொல் பிறந்தது. கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைத் தாங்கியபடி இன்னொரு கையால் ஓட்டலாம் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட வண்டி. பெரிய வட்டமான சக்கரங்கள் குண்டும் குழியுமான பாதையைத் தாண்டின. எண்ணெய்ச் செலவோ மிகக் குறைவு. 2017-க்குள் உலகம் முழுவதும் 10 கோடி வண்டிகள் தயாராகிவிட்டன என்றால் அதன் பயனை வேறு எப்படிச் சொல்வது?

மலாக்காவின் தோட்டப் பாதைகளில் இந்த மோட்டார் செய்யாத வேலை இல்லை. இரண்டு பக்கமும் பால் தோம்புகளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் போனது. காண்டா தோளிலிருந்து இறங்கியது. காலையில் பால் வெட்டிய அதே வண்டி மதியம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஏற்றி வந்தது. மாலையில் ஜாசின் பட்டணத்தில் சாமான் வாங்கி வந்தது. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடியது. கிராணியிடமும் துரையிடமும் லோரி கேட்டு நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னாளில் மேம்பாட்டுக்காக மூடப்பட்டபோதும் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. மோட்டார் வைத்திருந்த குடும்பம் ஆயர் குரோவிலோ பத்து பிரண்டாமிலோ தொழிற்சாலை வேலை தேடிப் போக முடிந்தது. வண்டி இல்லாத குடும்பத்துக்குப் பஸ் வராத லயம் ஒரு தீவாகிப் போனது.

சிறுமானின் ஊர்

மலாக்காவுக்கும் கஞ்சிலுக்கும் பழைய உறவு உண்டு. கஞ்சில் என்றால் சருகுமான். வேட்டை நாயை ஒரு சருகுமான் ஆற்றில் உதைத்துத் தள்ளியதைக் கண்டு வியந்துதான் பரமேஸ்வரா இந்த ஊரை நிறுவினார் என்பது மரபுக் கதை. மலாக்காவின் மாநிலச் சின்னத்தில் இன்றும் சருகுமான் இருக்கிறது. அந்தப் பெயர் தாங்கிய கார் 2009-இல் தயாரிப்பு நிற்கும் வரை 7 லட்சத்துக்கும் மேல் விற்றது.

முதல் முறையாகச் சொந்தக் கார் வாங்கிய எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களுக்கு அது கஞ்சில்தான். மலாக்காப் பட்டணத்தின் பழைய குறுகலான தெருக்களில் அது எளிதாகத் திரும்பும். கிடைத்த இடத்தில் நிறுத்தலாம். பெரிய எஞ்சின் வைத்த கார் அங்கே என்ன செய்யும்? முன்னால் போகும் திரிஷாவின் பின்னால் ஊர்ந்து போகும். அவ்வளவுதான்.

கஞ்சில் வந்த அதே 1994-இல்தான் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. ஆயர் குரோ வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். அங்கேதான் வேகத்துக்கு உண்மையான பயன் உண்டு. ஆபத்தும் அங்கேதான்.

காய்ந்த சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு சுமார் 20 மீட்டரில் நிற்கும். 110 கிலோமீட்டரில் போனால் சுமார் 68 மீட்டர் வேண்டும். மழை பெய்து பிடிப்பு குறைந்தால் அது 120 மீட்டரை நெருங்கும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் சட்டம். எஞ்சின் எத்தனை குதிரையாக இருந்தாலும் நிறுத்துவது எஞ்சின் அல்ல. உள்ளங்கை அளவில் தரையைத் தொடும் நான்கு டயர்களின் ரப்பர்தான்.

மோட்டார் ஓட்டுவோருக்கு இரண்டே இரண்டு உள்ளங்கைதான். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அன்று நம் குடும்பங்களுக்கு விடுதலை தந்த அதே கப்சாய், எஞ்சினை மாற்றி, மெல்லிய டயரைப் போட்டுப் பந்தயத்துக்கு விடப்படும்போது எமனாகி விடுகிறது. 4.5 குதிரைச்சக்திக்காகத் திட்டமிட்ட உடலில் அதைப் போல் பல மடங்கு சக்தியைத் திணித்தால் பிரேக்கும் டயரும் சட்டமும் அதைத் தாங்குமா? பெற்றோர்கள் சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

இடமறிந்து ஓடு

திருக்குறளில் 'இடமறிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. போருக்காகச் சொல்லப்பட்ட அந்த அதிகாரத்தில் தேரையும் கப்பலையும் காட்டி வள்ளுவர் உணர்த்துவது ஒன்றே. வலிமை எவ்வளவு என்பதைவிட, அது எந்த இடத்தில் நிற்கிறது என்பது முக்கியம்.

மலாக்காவின் வண்டி வரலாறும் அதையே சொல்கிறது. ஒரு குதிரைச்சக்தி மாட்டு வண்டி ஒரு துறைமுகத்தை வாழ வைத்தது. பெரும் பாரம் இழுத்த ரயில் தண்டவாளம் போனதும் ஒரே நாளில் பயனற்றுப் போனது. பத்தில் ஒரு பங்கு சக்தியுள்ள சைக்கிள் ஆட்சியாளரை அச்சுறுத்தியது. 24 குதிரைச்சக்தி டிராக்டர் செய்த வேலையை 31 குதிரைச்சக்தி கார் செய்ய முடியவில்லை. 4.5 குதிரைச்சக்தி மோட்டார் ஒரு சமுதாயத்தைத் தோட்டத்து வேலிக்கு வெளியே கொண்டு வந்தது.

எனவே அடுத்த முறை வண்டி வாங்கக் கடைக்குப் போகும்போது கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். இந்த வண்டி எங்கே ஓடப் போகிறது? எதை, யாரை ஏற்றப் போகிறது? மழையில் நிற்குமா? பழுதானால் நம் ஊரிலேயே சரி செய்ய முடியுமா? அதன் மாதத் தவணை வீட்டு அடுப்பை அணைக்காமல் இருக்குமா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகு சிசியைப் பற்றிப் பேசலாம்.

உலகத்துக்கே டயர் தந்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வண்டி ஓட்டுகிறார்கள். துரை வந்தாலும் இறங்காமல் ஓட்ட வேண்டும் என்று போராடியவர்கள் வாங்கித் தந்த உரிமை அது. வேகத்தைக் காட்டுவதற்காக அதை ஒரு மழை நாளில் சாலையோரத்தில் தொலைத்து விடாமல், அவர்கள் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும்.